மின்னஞ்சலின் வழியும் அந்தரங்கமும்: கலைச்சொல் நோக்கில் ஒரு விளக்கம்

1. முன்னுரை

'மின்னஞ்சல்' என்னும் சொல் தமிழில் வேரூன்றிவிட்டது. அஞ்சல் என்றதும் ஒட்டிய உறையும் அதனைப் பிரிக்காமல் கொண்டுசேர்க்கும் ஊழியரும் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் மின்னஞ்சலின் இயக்கம் இவ்வுருவகத்துக்கு முழுதும் பொருந்துவதன்று. இதனை உணராது மொழிபெயர்ப்பின் சட்டப் பனுவல்களிலும் மென்பொருள் பனுவல்களிலும் பொருள் திரிபு நேரும். மின்னஞ்சல் செல்லும் முறையையும் அதனால் எழும் கலைச்சொற் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. தந்தியோடு உறவு

1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாநெசி தந்திச் சோதனைகளை நடத்தினார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திப் பாதை இயங்கியது. தந்தியை அனுப்புபவர் ஒவ்வொரு சொல்லையும் படித்தே அனுப்ப இயலும். ஆதலால் வணிகர்கள் குறிச்சொற்களைக் கையாண்டனர். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டமும் தனித்தனியே இயற்றப்பட்டன. இந்தியாவில் தந்திச் சேவை 2013இல் முடிவுற்றது. எனினும் இடைநிலையில் செய்தி படிக்கப்படக்கூடும் என்னும் அதன் இயல்பு மின்னஞ்சலில் தொடர்கிறது.

3. முகவரியும் வழியும்

1986இல் தொடங்கப்பெற்ற எர்நெட் வலையமைப்பில் மேற்கு வங்கத்தின் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இடம்பெற்றது. அக்காலத்தில் உலகெங்கும் வழக்கிலிருந்த யு.யு.சி.பி. முறையில், மடல் கடக்க வேண்டிய கணிப்பொறிகளின் பெயர்களை அனுப்புநரே வியப்புக்குறிகளால் பிரித்து வரிசையாக எழுதுவார். முகவரியே வழியாக இருந்த நிலை அது. 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. முறை பரவியபின், முகவரி சேருமிடத்தை மட்டும் சுட்டலாயிற்று. வழியைக் கணிப்பொறிகளே தேர்கின்றன.

இங்கு இரு நிலைகள் உள்ளன. தரவுப் பொட்டலங்களைத் திசைகாட்டி அனுப்புவது ஒன்று. அஞ்சல் வழங்கிகள் முழு மடலைப் பெற்று, சேமித்து, அடுத்த வழங்கிக்குத் தருவது மற்றொன்று. இரண்டனையும் 'வழிப்படுத்தல்' என்றே குறித்தல் மயக்கம் தரும். பின்னதைக் 'கைமாற்றல்' எனலாம். மடலைப் பெறும் ஒவ்வொரு வழங்கியும் தான் பெற்ற நேரத்தைக் குறித்து ஒரு வரியை மேலே சேர்க்கிறது. அவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மடல் வந்த வழி புலனாகும்.

4. உறை

மின்னஞ்சலுக்கும் உறை உண்டு. ஆயினும் அது மறைப்பதற்கன்று. யாருக்குச் சேர்க்க வேண்டும் என்று வழங்கிக்கு உரைப்பதற்கே. மடலுக்குள் உள்ள பெறுநர் வரியும் உறையில் உள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டா. மறைநகல் பெறுபவரின் பெயர் உறையில் மட்டும் இருப்பதால்தான் ஏனையோர் அதனை அறிவதில்லை.

வழங்கிகளுக்கிடையே மறைகுறியாக்கம் செய்தல், இரு அஞ்சலகங்களுக்கிடையே செல்லும் பையை முத்திரையிடுவது போன்றது. ஒவ்வோர் அலுவலகத்திலும் பை திறக்கப்படும். 1991இல் வெளிவந்த பி.ஜி.பி. போன்ற முனைக்கு முனை மறைகுறியாக்கம் மடலின் உடலைக் காக்கும், முகவரிகளை மறைக்காது.

5. இரகசியமா, அந்தரங்கமா?

2012 ஏப்ரலில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மாநில முதலமைச்சரைக் குறித்த கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் மேலனுப்பியதற்காகக் கைது செய்யப்பட்டார். வழக்கில் காட்டப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாதென அறிவித்தது. அவர் 2023இல்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அம்மடல் இரகசியமன்று, அது ஒரு வட்டத்துக்குள் அனுப்பப்பட்டது. மறைத்தல் வேறு, இன்னாருக்கு என்று எல்லை வகுத்தல் வேறு.

வங்காளத்தில் வழங்கும் 'கோபனீயதா' மறைத்தற்பொருள் கொண்ட சொல்லடியாகப் பிறந்தது. தமிழில் 'இரகசியம்' அதற்கு நிகர். 'தனியுரிமை' என்பது நிறுவனத்துக்கே உரிய மென்பொருளையும் குறிப்பதால் ஐயம் விளைக்கும். 'அந்தரங்கச் செயலாளர்' என்னும் பழைய வழக்கில் உள்ள 'அந்தரங்கம்', உள்வட்டத்தையும் புறத்தையும் பிரித்துக் காட்டுகிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அடிப்படை உரிமையாக உறுதிசெய்ததைக் குறிக்க இச்சொல்லே ஏற்றது.

6. முடிவுரை

உள்ளடக்கம் மறைவாக இருத்தலை 'இரகசியம்' என்றும், மனிதருக்குள்ள உரிமையை 'அந்தரங்கம்' என்றும், அதற்கான தொழில்நுட்பத்தை 'மறைகுறியாக்கம்' என்றும் பிரித்து ஆளுதல் நன்று. இம்மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், மறைக்க ஏதுமில்லாதவருக்கு இவ்வுரிமை தேவையில்லை என்னும் தவறான முடிவுக்கு மொழிபெயர்ப்பே இடமளித்துவிடும்.