ஒரே இடத்தில் ரெண்டு படிக்கட்டு

ரோட்டர்டாமில் படித்துக்கொண்டு, அந்த ஊர் பேரையே வைத்திருக்கும் கப்பலைப் பார்க்காமல் இருந்தால் நல்லாவா இருக்கும்? போன சனிக்கிழமை போயிட்டு வந்தேன். எஸ்.எஸ். ரோட்டர்டாம், 228 மீட்டர் நீளம். 1959-ல் நியூயார்க்குக்கு முதல் பயணம். 2010-லிருந்து கரையோரம் நிற்கும் ஹோட்டல்.

உள்ளே ரெண்டு மாடி உயரத்துக்கு நடன அறை, வளைஞ்சு இறங்கும் படிகள், நீச்சல் குளம், தியேட்டர்... நம்மூர் கல்யாண மண்டபமெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனா என்னை நிறுத்தி வைத்தது நடுவில் இருக்கும் படிக்கட்டுதான். ஒண்ணுன்னு நினைச்சேன், ரெண்டாம்! ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஏறுது. ஒன்று முதல் வகுப்புக்கு, மற்றது டூரிஸ்ட் வகுப்புக்கு. ஒரே கப்பலில் போகிறவர்கள் முகத்தோடு முகம் பார்க்க வேண்டாமாம்.

தடுப்புகள் நகர்த்தக்கூடியவை. உல்லாசப் பயணம் என்றால் திறந்துவிட்டு ஒரே வகுப்பாக்கிடலாம். கப்பல் தண்ணீரில் இறங்கியது 1958 செப்டம்பரில். அடுத்த மாதமே அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்க ஆரம்பிச்சாச்சு. கடல்வழியே போக ஆள் குறைஞ்சதும், முழுநேர உல்லாசக் கப்பலாகி 2000 வரை ஓடியது. தடுப்பு போனது மனசு மாறி இல்லீங்க, வியாபாரம் மாறி.

இன்றைய பெரிய கப்பல்கள் சிலவற்றில் சூட் எடுத்தவர்களுக்கு மட்டும் தனி உணவகம், தனி நீச்சல் குளம்னு தடுப்பு திரும்பி வந்தாச்சு.

இறங்கி முடிச்சப்புறம்தான் எந்தப் படியில் வந்தேன்னு பார்த்தேன். டூரிஸ்ட் வகுப்பு. காலுக்கே என் பட்ஜெட் தெரிஞ்சிருக்கு :-)