தலைச்சுற்றல் மாத்திரைக்கு யார் கணக்கு?

ராஜூலா கப்பலில் வந்தவர்களிடம் பயணத்தைப் பற்றிக் கேட்டால், ஊரைப் பிரிந்த கதைக்கு முன்னால் வாந்தி எடுத்த கதைதான் வரும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. பேராக்கின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். முதல் இரண்டு நாள் தலையைத் தூக்க முடியாது. மூன்றாம் நாள் கொஞ்சம் கஞ்சி இறங்கும். பினாங்கு தெரியும் நேரத்தில் எழுந்து நடமாடுவார்கள். மருந்து என்று கையில் இருந்தது எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் சுக்கும்தான்.

அந்த மூன்றாம் நாள் தெளிவுக்குக் காரணம் எலுமிச்சம்பழம் இல்லை. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களும் இருக்கின்றன. உடல் எந்தப் பக்கம் அசைகிறது என்று அவைதான் மூளைக்குச் சொல்கின்றன. காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரட்டுகிறது. இரண்டு மூன்று நாளில் மூளை அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடும். யாரும் மருந்து கொடுக்காமலேயே பழகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இன்றைய மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் தேவைப்படும்.

கப்பலை விட்டு இறங்கியதும் ரயில், பிறகு தோட்டத்து லாரி. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கும், மாசி மகத்துக்கு லுமுட் போய்ப் படகேறிப் பங்கோர் தீவுக்கும் லாரி லாரியாகக் கிளம்புவார்கள். நின்றுகொண்டு போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. காற்று முகத்தில் அடிக்கும், தூரம் கண்ணுக்குத் தெரியும். கீழே உட்கார்ந்த பிள்ளைகளுக்குத்தான் குமட்டும். அவர்கள் வாயில் ஒரு ஆசாம் பூய், நெற்றியில் கோடாலித் தைலம். சிங்கப்பூரில் 1928இல் விற்பனைக்கு வந்த அந்தத் தைலம் மலாயாத் தமிழ் வீடுகளில் சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது குமட்டலைத் தீர்த்ததா என்று கேட்டால், தைரியம் கொடுத்தது என்றுதான் சொல்வேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் இருந்தார். மிக்சரைப் போத்தலில் ஊற்றி, எத்தனை வேளை என்று தெரிய வெட்டுக்குறி போட்ட காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்த பால்மரத்துப் பெண்ணை அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் அது காதுக் கோளாறு இல்லை. கொக்கிப் புழுவும் மலேரியாவும் ரத்தத்தைக் குடித்த உடம்பு அது. வேடிக்கை என்னவென்றால், அன்று மருந்தே தலையைச் சுற்ற வைத்தது. மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா அதிகமானால் காதில் ரீங்காரமும் தலைச்சுற்றலும் வரும். போருக்குப் பிறகு காசநோய்க்கு வந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உள்காதின் சமநிலை உறுப்பையே கெடுக்கக்கூடியது. உயிர் பிழைத்தவர்களில் சிலர் இருட்டில் நடக்கத் தடுமாறினார்கள்.

டிரெஸரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. காய்ச்சலோடு வந்தவரை வேலைக்குத் துரத்தும் அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்ததே 1965இல்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லயத்து வீடுகளில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவருக்குத் தெரியும். மருந்து கொடுப்பவர் அவர் ஒருவர்தான், கணக்கும் அவரிடம்தான்.

பயணக் குமட்டலுக்கு உண்மையாகவே வேலை செய்யும் மாத்திரை தற்செயலாகக் கிடைத்தது. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஒவ்வாமைப் பிரிவுக்கு அரிப்புத் தடிப்போடு ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். அவருக்குக் கொடுத்த புது மருந்தால் வழக்கமாக டிராமில் வரும் குமட்டல் நின்றுபோனதை அவரே கவனித்துச் சொன்னார். மறு ஆண்டு நியூயார்க்கிலிருந்து ஜெர்மனி போன துருப்புக் கப்பல் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களிடம் அதைச் சோதித்தார்கள். அதே 1948இல்தான் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அந்த மாத்திரையின் செய்தி இங்கே யாருக்குக் கேட்டிருக்கும்? அந்த மருந்தின் பெயர் டைமென்ஹைட்ரினேட். இன்று ஈப்போவில் எந்த மருந்துக்கடையிலும் நோவோமின் போன்ற பெயர்களில் கிடைக்கிறது.

இன்று பெரும்பாலான லயங்கள் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. தோட்டத்துக் குடும்பங்கள் புந்தோங், சிலிபின், மேரு, செம்மோர் என்று பரவிவிட்டன. பயணக் குமட்டல் மட்டும் கூடவே வந்தது. கேமரன் மலைக்கு அன்று தாப்பா வழியாக வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை மட்டும்தான். இந்த நூற்றாண்டில் சிம்பாங் பூலாயிலிருந்து அகலமான சாலை திறந்தது. வளைவு குறைந்தும் வாந்தி குறையவில்லை. பிள்ளைகள் வேனின் பின்சீட்டில் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறார்கள். காதும் கண்ணும் சண்டை போட இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் மருந்து அந்தக் கைப்பேசியை வாங்கி வைப்பது.

அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை. புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். வளைவில் வாந்தி தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். பெரியவர்களுக்கு டைமென்ஹைட்ரினேட் ஒரு வேளைக்கு 50 முதல் 100 மில்லிகிராம். ஒரு நாளில் 400ஐத் தாண்டக்கூடாது. தூக்கம் வரும். ஆகவே ஸ்டியரிங் பிடிக்கிறவர் போடக்கூடாது. மது கூடவே கூடாது. சளிக்கு மஞ்சள் நிறப் பிரிட்டோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவும் இதே இனம். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும். கண் அழுத்தம் உள்ளவர்களும், புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சிரமப்பட்டு இறங்கும் தாத்தாக்களும் கேட்காமல் தொடக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். குறிப்பாக, பயணத்தில் தூங்கட்டும் என்று புரோமெதசின் சிரப் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூச்சு ஒடுங்கும் ஆபத்துக்காக 2004இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வயதுக்கு அதைத் தடுத்து எச்சரித்தது.

இதெல்லாம் சின்னக் கவலை. பெரிய கவலை வேறொன்று.

கிளினிக்குகளில் மாத்திரையைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே பேனாவால் எழுதிக் கொடுப்பார்களே, அதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ‘பெனிங்’ (மலாயில் தலைச்சுற்றல்), ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒன்று. அவ்வளவுதான் இருக்கும். உள்ளே இருப்பது பல நேரங்களில் ஸ்டெமெட்டில் வகை, அதாவது 5 மில்லிகிராம் புரோகுளோர்பெரசின். பத்து மாத்திரை தீர்ந்ததும் பாட்டி அந்தக் காலிப் பையை மகனிடம் கொடுத்து, ‘இதே மாத்திரை வாங்கிட்டு வாய்யா’ என்பார். மகன் வேறொரு கிளினிக்கில் காட்டுவான். அடுத்த மாதம் மகள் இன்னொரு இடத்தில். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு இதுவும் தினசரி மாத்திரையாகிவிடும். எந்த டாக்டருக்கும் முழுக் கதை தெரியாது.

புரோகுளோர்பெரசின் மோசமான மருந்து இல்லை. தலை கிறுகிறுத்து வாந்தி நிற்காத முதல் இரண்டு மூன்று நாளில் அது பெரிய உதவி. ஆனால் அது மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. மாதக்கணக்கில் போனால் கை நடுங்கும், முகத்தில் உணர்ச்சி வற்றும், நடை சுருங்கிக் காலைத் தேய்க்கும். பார்க்கிறவர்கள் ‘வயசாயிடுச்சு’ என்பார்கள். சிலருக்குப் பார்க்கின்சன் நோய் என்று முடிவு கட்டி, அதற்கும் ஒரு மாத்திரை சேரும். முதல் மாத்திரை செய்த கெடுதலுக்கு இரண்டாவது மாத்திரை! ஸ்டுகெரான் என்ற பெயரில் தெரிந்த சின்னரிசினும் முதியவர்களிடம் இதே வேலையைக் காட்டும். புரோகுளோர்பெரசினால் இளவயதினருக்குச் சில நேரம் ஓரிரு வேளையிலேயே கழுத்து திருகிக்கொண்டு, கண் மேலே செருகி நிற்கும். அன்றைய லயத்தில் இதைக் கண்டிருந்தால் முனியாண்டி கோயில் பூசாரியிடம்தான் ஓடியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் சரியாகும் விஷயம் இது. எந்த மாத்திரை சாப்பிட்டார் என்று மட்டும் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. உள்காது நரம்பு வீங்கித் தலை சுற்றினால், கப்பலில் மூன்றாம் நாள் நடந்தது போல மூளை புது நிலைக்குப் பழக வேண்டும். எழுந்து நடந்து, தலையைத் திருப்பி, கொஞ்சம் தடுமாறினால்தான் பழகும். காதிலிருந்து வரும் சேதியையே மாத்திரையால் மழுங்கடித்துவிட்டால் எதற்குப் பழகும்? அதனால்தான் இந்த மருந்துகளைச் சில நாளோடு நிறுத்தச் சொல்கிறார்கள்.

படுக்கையில் புரண்டால், மேலே அலமாரியைப் பார்த்தால், சில வினாடி மட்டும் வீடே சுழல்கிறது என்பவர்கள்தான் அதிகம். ‘பித்தம் தலைக்கேறிடுச்சு’ என்று நம் பெரியவர்கள் அந்தப் பக்கம் படுப்பதையே விட்டுவிடுவார்கள். அது பித்தமில்லை. உள்காதுத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய் மாட்டிக்கொண்டதுதான் காரணம். எந்த மாத்திரையும் அதை வெளியே எடுக்காது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி கண்டறிந்து 1992இல் விரிவாக எழுதிய முறையில், நோயாளியைப் படுக்க வைத்துத் தலையை வரிசையாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுசேர்ப்பார்கள். சில நிமிட வேலை. பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகும். காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கும் இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஊசி மாத்திரை இல்லாத வைத்தியம் என்பதால் நம்மவர்களுக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை.

செர்க் என்ற பெயரில் விற்கும் பீட்டாஹிஸ்டினும் இங்கே தாராளமாக எழுதப்படுகிறது. உள்காதைத் தாக்கும் மெனியர் நோய்க்கு அது வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை என்று 2016இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. அதிகக் கெடுதல் இல்லாத மருந்துதான், ஆனால் பணம் போகிறது. பஸ் குமட்டலுக்கு இதையோ ஸ்டெமெட்டிலையோ போடுவதில் பயனே இல்லை.

படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் கண் இருட்டினால், கொதிப்பு மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தலைச்சுற்றலோடு பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ தொய்ந்தால், நிற்கவே முடியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது மாத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 999க்கு அழைக்க வேண்டும்.

டிரெஸர் வைத்திருந்த கணக்கை இன்று வைத்திருக்க யாருமில்லை. வீட்டில்தான் வைக்க வேண்டும். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளையெல்லாம் ஒரே பையில் போட்டு, அடுத்த கிளினிக் நாளன்று டாக்டர் மேசையில் கொட்டுங்கள். ‘பெனிங்’ என்று எழுதிய பை எத்தனை மாதமாக வீட்டில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.