கருப்பநீருக்குக் காவல் எது?

மன்னார்த் தீவின் மணல் நிலத்திலே வான்நோக்கி நிற்கும் பனை, அத்தீவு மக்களுக்கு உணவும் உறையுளும் தொழிலும் தந்துவரும் மரமாகும். அதன் பாளையைச் சீவி இறக்கும் சாற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு சர்க்கரை உண்டு. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் அது குழந்தைகளும் பருகத்தக்க கருப்பநீர். தமிழ்நாட்டார் அதனைப் பதநீர் என்பர். சுண்ணாம்பின்றி இறக்கினால் அதுவே கள். ஒரு மரத்துச் சாறு இருவேறு பொருளாவது எதனால்? அதன் இனிமை குன்றாமல் வீடுவரை கொண்டு சேர்ப்பது எப்படி? இவ்விரு வினாக்களையும் இங்கே ஆராய்வோம்.

மதுவத்தின் தொழில்

பாளையிலும், காற்றிலும், சரியாகக் கழுவாத முட்டியின் சுவரிலும் மதுவம் என்னும் நுண்ணுயிர் வாழ்கின்றது. அது சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். பின்னர் பற்றீரியாக்கள் அம்மதுசாரத்தைப் புளிக்கச் செய்ய, கள் வினாகிரியாகின்றது. நொதித்தல் உயிர்களின் தொழிலே என்று நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். பியரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1876இல் வெளிவந்தது. மதுவம் 30 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் செழித்து வளரும். மன்னாரின் பகற்பொழுது அதற்கு வாய்த்த விருந்து அன்றோ!

சுண்ணாம்பு சாற்றுக்குக் காரத்தன்மை அளித்து மதுவத்தை அடக்கி வைக்கின்றது. ஆயினும் அது மிகுந்தால் சுவை கெடும். ஆகவே கருப்பநீரைத் தெளியவைத்து வடித்தே பருகுகின்றோம். சுண்ணாம்பு குறையக் குறையக் காவலும் தளர்கின்றது. அப்போது வேறொரு காவலன் வேண்டும். அவனே குளிர்.

மண்பானை போதுமா?

நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்வதால் மண்பானைத் தண்ணீர் குளிர்கின்றது. ஆனால் கடற்காற்றில் ஈரம் மிகுதி. வெப்பம் 32 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 70 பங்கும் உள்ள நாளில், பானைநீர் ஏறக்குறைய 27 பாகைக்குக் கீழே இறங்க இயலாது. நமது தாகத்துக்கு அது இதமானதே. கருப்பநீரைக் காப்பதற்கோ போதாது. மதுவத்தை உறங்க வைக்க 4 பாகையளவு குளிர் தேவை. அக்குளிரும் மதுவத்தைக் கொல்வதில்லை. அதன் வேகத்தையே குறைக்கின்றது.

குழாய் கற்பிக்கும் பாடம்

இயந்திரக் குளிரை முதன்முதலில் பெரிதும் நாடியவர்களுள் பியர் வடிப்போரும் இருந்தனர். ஜெர்மானியப் பொறியியலாளர் கார்ல் வொன் லிண்டே 1870களில் தமது குளிரூட்டும் இயந்திரத்தை அவர்களுக்காகவே அமைத்தார். பீப்பாயிலிருந்து குழாய்வழி பியர் வார்க்கும் இடங்களில் இன்றும் ஒரு தொல்லை உண்டு. பீப்பாய் 3 பாகைக் குளிர்ப்பெட்டியில் இருந்தாலும், பெட்டிக்கு வெளியே செல்லும் குழாய் சூடாகிவிடுகின்றது. அங்கே கரைந்திருந்த வாயு பிரிந்து, முதற் குவளை வெறும் நுரையாக வழிகின்றது. பெட்டியை மேலும் குளிராக்குவதால் இது தீராது. சிறு விசிறியால் பெட்டியின் குளிர்காற்றைக் குழாயைச் சுற்றிச் செலுத்துகின்றனர். குழாய் நீளமாயின், குளிர்நீர் ஓடும் வேறொரு குழாயை அதனோடு சேர்த்துக் கட்டிப் போர்த்துகின்றனர். உட்புறத்தில் நுண்ணுயிர் படியாதிருக்க இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகின்றனர்.

இதிலுள்ள உண்மை கருப்பநீருக்கும் பொருந்தும். தொடக்கத்திலும் முடிவிலும் குளிர் இருந்தால் மட்டும் போதாது; கேடு இடைவழியிலேதான் நேர்கின்றது. மரத்தடியிலிருந்து வீட்டுக் குளிர்ப்பெட்டி வரை உள்ள சில மணி நேரமே கருப்பநீரின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றது.

செய்யத்தக்கவை

முட்டியைக் கொதிநீரால் கழுவி உலர்த்தி, ஒவ்வொரு முறையும் புதுச் சுண்ணாம்பு பூசவேண்டும். வெயில் ஏறுமுன் இறக்கி, தூய துணியில் வடித்து, உடனே சிறு போத்தல்களில் நிரப்புதல் நன்று. பெரிய பாத்திரம் மெல்லவே குளிரும். பின்னர் ஐஸ் நிறைந்த பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லலாம். 1 கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை ஈர்க்கும். 30 பாகையிலுள்ள 3 லீற்றரை 4 பாகைக்கு இறக்கக் கணக்கின்படி அது போதும். ஆனால் வழியில் புகும் வெயிலையும் எண்ணி, 2 லீற்றருக்கு 1 கிலோ எனக் கொள்வதே அறிவுடைமை. இது மன்னார்க் கரைக்குப் புதுமையன்று. மீனுக்கு ஐஸ் இடுவதைப் பேசாலை மீனவர் நன்கறிவர்.

நெடுநாள் வைக்க விரும்பினால் சூடாக்கிப் போத்தலில் அடைக்கலாம். அல்லது காய்ச்சிப் பனங்கட்டியாக்கலாம். பின்னதற்கோ விறகு மிகுதியாக வேண்டும்.

தளநாரைக் காலிற் பூட்டி ஓங்கிய மரத்தில் ஏறி இறங்குபவரின் உழைப்பு, சில மணி நேரத்திற் புளித்துப் போகலாமா? பனைவளத்தைப் பேணுவதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. சபைகளின் பணி ஒருபுறமிருக்க, தூய முட்டி, அளவான சுண்ணாம்பு, இடையறாத குளிர் ஆகிய மூன்றையும் நாமும் கைக்கொண்டால், மன்னார்ப் பனையின் இனிமை நம் பிள்ளைகளின் குவளைக்கு இனிமையாகவே வந்து சேரும்.