கூவியரும் கச்சான்கடையும்

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையை மாணவர்க்குக் கற்பிக்கும்பொழுது, காழியர், கூவியர் என்னும் இரு சொற்களிடத்தே யான் சற்றுத் தங்கிச் செல்வதுண்டு. காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பஞ் சுட்டு விற்போர். புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் காட்டப் புகுந்த இளங்கோவடிகள், முத்தும் பவளமும் பொன்னும் குவிந்த மறுகுகளைச் சொல்லுமிடத்திலேயே இவர்களையும் மறவாது எண்ணினார். பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூவியரது கரிய அகலையும் பாகையும் கூர்ந்து நோக்கினார். மதுரைக்காஞ்சியின் அங்காடிகளிலே பண்ணியம் விற்போர் நடமாடுகின்றனர். தெருப்பண்டம் உண்பது கற்றோர்க்கு இழுக்கு என்னும் கொள்கை அப்பெரும்புலவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அது நாம் பின்னாளிற் கற்றுக்கொண்ட நாகரிகம்.

சென்ற வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலுக்குச் சென்றேன். மறுநாள் முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து நாயாறு வரையிற் போனேன். வழியில் விற்கும் பண்டங்களை வாங்கி உண்பதே பயணத்தின் நோக்கம். ஐம்பத்தைந்து வயதுப் பண்டிதர் ஒருவர்க்கு இது தகுமோ என வீட்டிலே வினவினர். கூவியரை அறியாமற் கூவியரைக் கற்பிப்பது மட்டும் தகுமோ என யான் வினவினேன். மறுமொழி கிடைத்திலது.

கண்ணகி மதுரையை நீங்கி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் ஆதலின் அவ்விடம் பத்தாம்பளை எனப்பட்டது என்றும், அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஊரவர் சொல்லுவர். கடல்நீரில் விளக்கெரியும் சிறப்பைப் பலரும் எழுதியுள்ளனர். யான் கோயிற் புறவீதியில் வரிசையாக நின்ற கச்சான்கடைகளுக்கு வருகின்றேன்.

ஈழத்தார் நிலக்கடலையைக் கச்சான் என்பர். மேல்காற்றுக்கும் அதுவே பெயர். வைகாசியிலே கச்சான் வீச, அக்காற்றிலே அடுப்பின் புகை கடற்பக்கமாய்ச் சாய, இரும்புச் சட்டியிற் சுடுமணலோடு கச்சான் புரளும் ஓசை சல்லரிபோல் ஒலிக்கும். சுண்டினால் அளந்து கடதாசிச் சரையிற் கொட்டித் தருகின்றனர். பக்கத்திலே பாகிற் பிடித்த கச்சான் அல்வா தகடு தகடாய் அடுக்கியிருக்கும். எள்ளுருண்டையும் பயத்தம் பணியாரமும் முறுக்கும் உண்டு. கடுஞ்செம்மஞ்சள் நிறத்தில் தோடம்பழ இனிப்பு என ஒன்று விற்கின்றது. தோடம்பழத்துக்கும் அதற்கும் உள்ள உறவு நிறத்தோடு முடிகின்றது. தும்புமுட்டாசு சில மேடைப் பேச்சுக்களை ஒத்தது. கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றி நாவிற் பட்டதும் இல்லையாகிவிடும்.

இவற்றுள் என் சிந்தையைக் கவர்ந்தது, மாங்காயையும் அன்னாசியையும் அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்த ஒரு தள்ளுவண்டி. மெக்சிக்கோ நாட்டு நகரங்களிலும் இவ்வாறே மாம்பழத்தை அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தேசிக்காய் பிழிந்து தெருவிலே விற்பர் என்று படித்திருக்கின்றேன். மிளகாய் அவர்கள் நாட்டுப் பொருள். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரால் இப்பகுதிகளிற் பரவியது. மாவோ நம் பக்கத்து மரம். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்திலே பிலிப்பைன் தீவுகளிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. ஒருவர் முகம் ஒருவர் காணாத இரு நாட்டார், ஒருவர் கொடுத்ததை மற்றவர் பொருளோடு கூட்டித் தெருவோரத்திலே ஒரே சுவையைக் கண்டிருக்கின்றனர்.

பெயரிடும் முறையிலும் இவ்வொற்றுமை உண்டு. மிளகின் உறைப்பை நினைந்து நம்மவர் புதுக்காய்க்கு மிளகாய் எனப் பெயரிட்டனர். கச்சானைத் தமிழகத்தார் நிலக்கடலை என்றனர். மெக்சிக்கோவின் பழங்குடியினரான அசுத்தெக்கர் தம் நாவாத்தல் மொழியிலே அதனை 'நிலத்துக் கக்காவோ' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். கக்காவோ என்பது சொக்கிலேற்றுச் செய்யும் கொட்டை. தெரிந்த பண்டத்தின் பெயரோடு நிலத்தைச் சேர்த்துப் புதிய பண்டத்துக்குப் பெயர் காண்பது இரு மொழிக்கும் ஒன்றாய் வாய்த்தது. கச்சானைப் பாகிலிட்டுத் தகடாக்கும் வழக்கமும் அங்கே உண்டு. பலங்கேத்தா என்பது அதன் பெயர். நம் கச்சான் அல்வாவுக்கு உடன்பிறப்பு எனலாம்.

நாயாற்றுக்கு வருவோம். களப்பு கடலோடு கலக்கும் முகத்திலே பாலம். கடற்பக்கம் பருவகாலத்து மீன்வாடிகள். கருவாட்டு மணம் காற்றோடு வந்துகொண்டே இருந்தது. பாலத்துக்கு இப்பால், மரநிழலிலே சாக்கு விரித்து மூதாட்டியொருவர் அமர்ந்திருந்தார். புழுக்கொடியற் கட்டு, பனங்கட்டிக் குட்டான், ஓலைப்பெட்டியிற் பாலைப்பழம், பொலித்தீனிற் சுற்றிய கரிய துண்டுகள் சில. அத்துண்டுகளைச் சுட்டி, "பனாட்டோ அம்மா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து நோக்கினார்.

"ஓம் ஐயா. பேர் சொல்லிக் கேக்கிற ஆக்கள் இப்ப குறைவு. பிள்ளையள் ரொபி கேக்குதுகள்."

பனாட்டுச் செய்வது பொறுமையின் தொழில். ஆவணி புரட்டாதியிற் கனிந்து விழும் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிலே பரவி வெயிலிற் காய விடுவர். காய்ந்த படையின்மேல் மறுநாள் மற்றொரு படை வார்ப்பர். இவ்வாறு பல நாள் படைமேற் படையாய் ஏற்றித் தடித்தபின் உரித்து மடித்து வைப்பர். இனிப்புக்குள் ஒரு மென்கசப்பு மறைந்திருக்கும். பண்டிதர்களது உரைநடைபோல் எளிதிற் பல்லை விட்டு நீங்காது; மென்று கொண்டிருப்பார்க்கே சுவை தரும்.

பனைகள் எங்கேயுள்ளன என்று வினவினேன். "எங்கட வளவுப் பனையெல்லாம் பங்கருக்குத் தறிச்சுப் போட்டாங்கள் ஐயா. திரும்பி வந்த கையோட விதை போட்டனாங்கள். அதில ரெண்டு மூண்டு போன வரியந்தான் முதன்முதல் பழுத்தது" என்றார்.

கரையை 2004இற் கடல் கொண்டது. 2009இல் போர் முடிந்தபோது ஊரவர் முகாம்களில் இருந்தனர். மீண்டு வந்தோர் இட்ட பனம்விதை காய்க்கப் பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும். அவ்விடைக்காலத்திலே பிறந்த பிள்ளை, பனாட்டைக் காணாமலே என் வகுப்பு வரை வந்துவிட்டது. 'திருவிழாவிற் கண்டவை' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பிஸ்கற்றும் சொக்கிலேற்றும் நிரம்பி வழிகின்றன. புழுக்கொடியலுக்கும் ஒடியலுக்கும் வேற்றுமை கேட்டால் பெரும்பாலோர் வாய் திறவார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். அவியாமற் காயவைத்தது ஒடியல். ஒடியல்மாவே கூழுக்கு ஆவது. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். எழுதியும் போட்டேன். பிள்ளைகள் காழியரையும் கூவியரையும் போலவே இவற்றையும் பரீட்சைக்கு மனனஞ் செய்துகொண்டனர். குறைபாடு பிள்ளைகளுடையதன்று. மரம் இல்லாத இடத்திலே சொல்லை மட்டும் எத்துணைக் காலம் நட்டு வைக்கலாம்?

பாலைப்பழத்தையும் சுவைத்தேன். மஞ்சள் நிறம், சிறு கனி, தேனொத்த இனிமை. அதன் பால் உதடுகளை ஒட்டிவிடும். முன்னதாகத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுமாறு மூதாட்டியார் சொன்னார். ஆசிரியர் ஒருவரைச் சிறிது நேரம் பேசாதிருக்கச் செய்யும் ஆற்றல் பெற்ற கனி வன்னிக் காட்டிலே உண்டு என்பதை மாணவர்கள் அறிந்தால் மகிழ்வர்.

விலை கேட்டேன். குறைவாகச் சொன்னார். மிகுதியாகக் கொடுத்த பணத்தை மறுத்து, ஈடாக ஒரு குட்டான் பனங்கட்டியைப் பையில் இட்டார். அடுத்த ஆண்டு எத்துணைப் பனாட்டு வரும் என்று வினவினேன். "மற்றப் பனையளும் பழுத்தால் ஒரு பாய்க்குக் காணும்" என்றார்.

நாயாற்றுப் பக்கம் போகும் அன்பர்கள் பாலைப்பழத்தை வைகாசி ஆனியிலே தேடுக. அது ஓரிரு நாளுக்குமேல் நில்லாது. பனாட்டு வேண்டுவோர் புரட்டாதி கழிந்தபின் செல்லுதல் நன்று. யான் போன வைகாசியிலே சாக்கில் எஞ்சியிருந்தவை நான்கு துண்டுகள். அவற்றுள் மூன்றை யான் வாங்கிவிட்டேன்.