சீட்டா, பிபியா?

ஒரகடம் பக்கத்துச் சேரியிலிருந்து நிறைமாதப் பெண்ணொருத்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சீட்டு எழுதும் மேசையில் முதல் கேள்வி, "பிக்மி நம்பர் இருக்கா?" அடுத்தது, "எந்த ஊரு, காலனியா?" தலை வலிக்குது, கண் மங்குது என்று மாமியார் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கையில் பட்டை சுற்றினார்கள். 160/110. அப்புறம்தான் ஓட்டம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. வாசல்வரை வந்துவிட்டோம்; சிக்கல் வாசலுக்கு உள்ளே. 140/90-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. கூடவே தலைவலி, பார்வை மங்கல் என்றால் வலிப்பு வரக்கூடும். உதிரப்போக்கு இருப்பவரையும், முன்பு சிசேரியன் ஆகி இப்போது வலி கண்டவரையும் வரிசையில் உட்காரவைக்கக் கூடாது. வந்தவுடன் ஆபத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். சீட்டைப் பிறகு எழுதலாம். அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழ்வுரிமை மீறல் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பெண்களுக்கும் இது பொருந்தும். பாவம், அவர்களுக்கு வலியைச் சொல்லவே மொழியில்லை.

துணைக்குப் போகும் தங்கைகளே, தாய்-சேய் அட்டையில் பிபி எழுதிய பக்கத்தை விரித்தே பிடியுங்கள். "முதல்ல பிபி பாருங்கம்மா" என்று சத்தமாகக் கேளுங்கள். நாங்கள் அன்று மெதுவாகத்தான் கேட்டோம்.