படபடப்பு உள்ளவங்க என்ன வேலை பார்க்கலாம்?



"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை நடுங்குது, வேலைக்குப் போகவே பயமா இருக்கு" என்று சொல்லும் பெண்கள் நம் குழுக்களிலும் உண்டு. இது சோம்பேறித்தனம் இல்லை, காத்து கருப்பும் இல்லை. மனப்பதற்றம் என்கிற நோய். ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் நெஞ்சு இப்படி அடிக்கும். அதனால் முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துக்கணும்.

"வேலையை விட்டுட்டு வீட்டிலேயே இரு" என்று பலரும் சொல்வாங்க. ஒதுங்க ஒதுங்க பயம்தான் கூடும், கையில் காசும் இருக்காது. வேலையில் எது நம்மைப் பயமுறுத்துது என்று பார்த்து, அதுக்கு ஏத்த வேலையைத் தேடணும்.

வடசென்னை காலடிப்பேட்டையை எடுத்துக்குவோம். கூட்டமும் கூச்சலும் ஆகாதவங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் காசிமேடு மீன் ஏலம் ஒத்துவராது. வேறொருவர் ஏலம் எடுத்து வந்தால், மீனைச் சுத்தம் செய்து தெரிந்த வீடுகளுக்கு விற்கலாம். தனியா இருந்தாலே பயம் வருகிறவங்களுக்கு வீட்டுத் தையல் சரிப்படாது. நாலு பேர் சேர்ந்து மாவு அரைத்து விற்கும் வேலை நல்லது.

போய்வர வழியையும் பாருங்க. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது. காலடிப்பேட்டையில் ஏறி டவுன் பக்கம் போனால் தண்டையார்பேட்டையில் சுரங்கம். விம்கோ நகர் பக்கம் போனால் மேலேயே போகலாம். மூடின இடத்துக்குப் பயப்படுறவங்க அந்தப் பக்கம் வேலை தேடலாமே!

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. "கதவுப் பக்கம் உள்ள மெஷினைக் கொடுங்க", "முதல் வாரம் அரை நாள் வர்றேன்" என்று தேவையை மட்டும் கேளுங்க. மாத்திரை தூக்கம் தந்தால், மெஷினில் உட்காரலாமா என்று டாக்டரைக் கேட்கணும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க.

சுயதொழில் என்றால் சின்னக் கடனாகப் போதும். தவணைத் தேதி நெருங்கினாலே படபடப்பு கூடிடும். ஊக்குநர்களுக்கு ஒன்று: தீர்மானப் புத்தகத்தில் உறுப்பினரின் நோயை எழுதாதீங்க. அந்தப் புத்தகம் பேங்க் மேனேஜர் கைக்கும் போகும்.

காலடிப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. மற்றவங்க மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். போன் இல்லாதவங்களுக்கு ஊக்குநர் தன் போனைக் கொடுத்துட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரட்டும்.