பாசிக்கு வெயிலும் ஆலைப்பாகும்

நுண்பாசி வளர்ப்பைப் பற்றி அங்கத்தினர்கள் அடிக்கடி வினவி வருகின்றனர். பாசித் தொட்டியில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஊற்றினால் விளைச்சல் இரட்டிக்கும் என்று கேள்வியுற்ற ராயபுரம் அங்கத்தினர் சிலர், அதற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்றும் கேட்டுள்ளனர். ஆகவே இதனைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகிறது.

பாசி, ஏனைய பயிர்களைப் போன்றே வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு தன் உடலைக் கட்டுகிறது. ஆயினும் குளோரெல்லா போன்ற சில இனங்கள் குளூக்கோஸ், அசிட்டேட் முதலிய ஆயத்த உணவையும் ஏற்கும். (நமது சாயப்பட்டறைகளில் துணியின் காரத்தை முறிக்கும் அசிட்டிக் அமிலத்தின் உப்பே அசிட்டேட் என்பது.) வெயிலையும் ஆயத்த உணவையும் ஒருங்கே அளிப்பதைக் கலப்பூட்ட முறை எனலாம். அடர்ந்த தொட்டியில் மேலுள்ள பாசி கீழுள்ளதற்கு நிழலாகிவிடும். இரவிலோ, பகலில் சேர்த்ததில் ஒரு பங்கைப் பாசி சுவாசத்தில் எரித்துவிடும். நீரில் உணவு கரைந்திருப்பின் நிழலிலும் இரவிலும் வளர்ச்சி நிற்பதில்லை. தைவான் நாட்டுக் குளோரெல்லா ஆலைகள் 1970களிலேயே அசிட்டிக் அமிலம் ஊட்டி இவ்வாறு பயிர் செய்தன.

ஆனால் சர்க்கரையைப் பாசி மட்டுமா உண்ணும்? பாக்டீரியா சில அரைமணி நேரத்தில் இரட்டிக்கும். பாசிக்குப் பல மணி நேரம் வேண்டும். திறந்த தொட்டியில் பாகை ஊற்றினால் நீர் புளித்து நாறுமேயன்றிப் பாசி பெருகாது. பாகின் கருநிறமும் வெயிலை மறைக்கும். கிருமி நீக்கிய மூடிய கலங்களும் தேர்ந்த ஆய்வாளரும் இன்றி இம்முறை கைகூடாது. மேலும், குளூக்கோஸ் ஒரு கிலோ ஊட்டினால் அதிலிருந்து கிடைக்கும் உலர்பாசி ஏறத்தாழ அரைக் கிலோவே. நம் போன்ற சிறு சங்கத்திற்கு இது ஏற்றதன்று என்பதே என் கருத்து.

ஸ்பைருலினா வேறு வகை. சோடா உப்பு மிகுந்த காரநீரில் அது செழிக்கும். அந்நீரில் பிற உயிர்கள் எளிதில் பெருகா. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி அவர்கள், கிராமத்தார் எளிய தொட்டிகளில் இதனை வளர்க்க வழிகண்டார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் வாணிக அளவில் பண்ணையே அமைந்தது. நெசவாளர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு: ஸ்பைருலினா நூலிழை போன்று நீண்டிருப்பதால் நெருங்கிய நெசவுத் துணியிலேயே வடிகட்டலாம். குளோரெல்லாவோ சில மைக்ரான் அளவே உள்ள உருண்டை. துணியின் கண்களில் நழுவிவிடும். அதைப் பிரிக்கச் சுழல் இயந்திரம் வேண்டும்.

100 சதுர மீட்டர்த் தொட்டியில், நன்கு பேணினால், நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ உலர்பாசி கிடைக்கலாம். மழைநாட்களில் குறையும்.

நொய்யல் நீரிலோ சாயக்கழிவிலோ உண்ணும் பாசி வளர்ப்பது கூடவே கூடாது. பாசி கன உலோகங்களைத் தன்னுள் ஈர்க்கும் தன்மையது. சாயக்கழிவால் வந்த கேட்டினாலன்றோ 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது!

2012இல் நம் பக்கத்துப் பெருந்துறை வட்டாரத்தில் ஈமுக் கோழி வளர்த்தோர் நிலையை அங்கத்தினர் அறிவர். திரும்பக் கொள்முதல் செய்வதாக எழுதித் தந்த பத்திரம் அன்று பலருக்கு உதவவில்லை. எனவே பாசிக் கடன் கோருவோர், வாங்குவோரின் வாக்குறுதியை மட்டும் காட்டாது, அவர் உண்மையாகவே விற்ற கணக்கையும், கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையையும், உணவுப் பாதுகாப்பு உரிமத்திற்கு விண்ணப்பித்த சான்றையும் மனுவுடன் இணைத்தல் வேண்டும்.